டேனியல் பூன் தொலைக்காட்சித் தொடர்: ஒரு விமர்சனப் பார்வை

டேனியல் பூன் என்பது அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1964 செப்டம்பர் 24 முதல் 1970 மே 7 வரை ஒளிபரப்பான எல்லைப்புறச் சாகசத் தொடர் ஆகும். ஆறு பருவங்களில் 165 அத்தியாயங்கள் வெளிவந்தன. முதல் பருவம் கறுப்பு வெள்ளையிலும் அடுத்த ஐந்து பருவங்கள் வண்ணத்திலும் படமாக்கப்பட்டன. ஃபெஸ் பார்க்கர் நாயகனாக நடித்தார். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கென்டக்கிக் காட்டுப் பகுதியில் குடியேறிய டேனியல் பூன் (1734–1820) என்ற உண்மை மனிதரின் பெயரையும் குடும்பத்தையும் ஊரையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் மீது பெரும்பாலும் கற்பனைக் கதைகளைக் கட்டிய தொடர் இது.

ஒரு தலைமுறை அமெரிக்கச் சிறுவர்கள் தங்கள் நாட்டின் தொடக்க கால வரலாற்றை இத்தொடரின் வழியாகவே மனத்தில் பதித்துக்கொண்டனர். எனவே தொடர் எதைச் சொன்னது என்பதுடன் எதைச் சொல்லாமல் விட்டது என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது. இக்கட்டுரை தொடரின் அமைப்பையும் கதைமாந்தரையும் அறிமுகப்படுத்தி, அவற்றை வரலாற்றுடன் ஒப்பிட்டு மதிப்பிடுகிறது.

எல்லைப்புறம் என்ற கதைக்களம்

எல்லை என்ற சொல் பொதுவாக இரு நாடுகளுக்கு நடுவே உள்ள கோட்டைக் குறிக்கும். அமெரிக்க வரலாற்றில் எல்லைப்புறம் என்பது வேறு பொருள் உடையது. ஐரோப்பியக் குடியேறிகளின் வீடுகளும் வயல்களும் முடிந்து, தொல்குடி மக்களின் நிலம் தொடங்கும் பகுதியே எல்லைப்புறம். அது நிலையாக ஓரிடத்தில் நிற்பதில்லை. குடியேறிகள் முன்னேற முன்னேற அதுவும் மேற்கே நகர்ந்தது.

கௌபாய்களும் ரிவால்வர்களும் ரயில் கொள்ளையும் நிறைந்த மேற்கத்தியக் கதைகள் 19ஆம் நூற்றாண்டுக்கு உரியவை. டேனியல் பூன் அவற்றுக்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தியவர். அவர் காலத்தில் மேற்கு என்றால் அப்பலாச்சிய மலைத்தொடருக்கு அப்பால் இருந்த காடு. ஒரு முறை சுட்டபின் மீண்டும் மருந்தும் குண்டும் இட்டு நிரப்ப வேண்டிய நீளக்குழல் துப்பாக்கிதான் வேட்டைக்காரனின் ஆயுதம். உப்பும் வெடிமருந்தும் அரிய பொருள்கள். மான்தோல் பணத்துக்கு ஈடாக விற்கப்பட்டது.

1763ஆம் ஆண்டு பிரித்தானிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே காலனி மக்கள் குடியேறக் கூடாது என்பது அதன் சாரம். எனவே பூனும் அவரைப் போன்றோரும் மலையைத் தாண்டியபோது ஆளில்லாத நிலத்துக்குள் போகவில்லை. அரசு தடை செய்திருந்த, ஷானி, செரோக்கி முதலிய மக்கள் வேட்டைக்காடாகப் பயன்படுத்திவந்த நிலத்துக்குள் போனார்கள். தொடரைப் பார்க்கும்போது நினைவில் கொள்ள வேண்டிய முதல் செய்தி இது.

தொடரின் உருவாக்கம்

ஃபெஸ் பார்க்கர் இத்தொடருக்கு முன்பே புகழ்பெற்றிருந்தார். 1954ஆம் ஆண்டின் இறுதியில் வால்ட் டிஸ்னி நிறுவனம் தொலைக்காட்சியில் வெளியிட்ட டேவி கிராக்கெட் கதைகளில் அவரே நாயகன். அந்தக் கதைகளில் அவர் அணிந்த வால் தொங்கும் ரக்கூன் தோல் தொப்பி நாடெங்கும் சிறுவர்களிடையே பெரும் மோகத்தை ஏற்படுத்தியது. பத்தாண்டுகள் கழித்து அதே நடிகர் அதே வகைத் தொப்பியுடன் வேறொரு பெயரில் திரும்பி வந்தார். கிராக்கெட்டும் பூனும் வெவ்வேறு தலைமுறையினர் என்றாலும் பல பார்வையாளர்களின் நினைவில் இருவரும் ஒருவராகிவிட்டனர்.

உண்மையான டேனியல் பூன் ரக்கூன் தோல் தொப்பியை விரும்பியவர் அல்லர். அவர் அணிந்தது அகன்ற விளிம்புடைய தொப்பி. இது சிறிய பிழையாகத் தோன்றலாம். ஆயினும் தொடரின் இயல்பை இது காட்டிவிடுகிறது. வரலாற்று மனிதர் எப்படி இருந்தார் என்பதைவிட, பார்வையாளர் முன்பே விரும்பிய உருவம் எது என்பதே இங்கு முடிவு செய்யும் காரணமாக இருந்தது.

நிலக்காட்சியிலும் இதே நிலைதான். கென்டக்கி ஈரப்பதம் மிகுந்த, அடர்ந்த இலையுதிர் காடுகளைக் கொண்ட பகுதி. தொடரின் வெளிப்புறக் காட்சிகள் பெரும்பாலும் நாட்டின் மேற்குப் பகுதியான கலிபோர்னியாவில் எடுக்கப்பட்டன. காய்ந்த குன்றுகளும் இடைவெளி விட்டு நிற்கும் மரங்களும் பல காட்சிகளில் தெரிகின்றன. அடுத்த பத்தடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத காட்டின் அச்சம் அவற்றில் கிடைப்பதில்லை.

கதைமாந்தர்

டேனியல் பூனின் மனைவி ரெபெக்காவாகப் பட்ரீசியா பிளேர் நடித்தார். மகள் ஜெமைமாவாக வெரோனிகா கார்ட்ரைட் முதல் இரண்டு பருவங்களிலும், மகன் இஸ்ரேலாக டார்பி ஹின்டன் தொடர் முழுவதிலும் நடித்தனர். கோட்டைக்குள் மதுக்கடை நடத்தும் முதியவர் சின்சினாட்டஸாக டல்லாஸ் மெக்கென்னன் வந்தார். முதல் பருவத்தில் பூனின் தோழன் யாட்கினாக ஆல்பர்ட் சால்மி நடித்தார்.

பார்வையாளர்கள் மிகவும் விரும்பிய துணைக் கதைமாந்தர் மிங்கோ. எட் ஏம்ஸ் முதல் நான்கு பருவங்களில் இவ்வேடத்தை ஏற்றார். மிங்கோவின் தாய் செரோக்கி இனத்தவர், தந்தை ஆங்கிலேயப் பிரபு. ஆக்ஸ்ஃபோர்டில் கல்வி கற்றுவிட்டுத் தாயின் மக்களிடம் திரும்பியவர் என்பது கதை. கடைசிப் பருவத்தில், அடிமைத்தளையிலிருந்து தப்பித் தொல்குடி மக்களிடையே வாழும் கேப் கூப்பர் என்ற பாத்திரத்தில் முன்னாள் கால்பந்து வீரர் ரூஸ்வெல்ட் கிரியர் நடித்தார்.

தொடரின் சிறப்புகள்

தொடரின் குறைகளைப் பேசுவதற்கு முன் அதன் நல்ல பக்கங்களைச் சொல்வது முறை.

முதலாவது, ஃபெஸ் பார்க்கரின் நடிப்பு. உயரமான உடல்வாகும் மெதுவான பேச்சும் கொண்ட அவர், வலிமையைக் காட்டிக்கொள்ளாத வலிமையான மனிதராக பூனை அமைத்தார். அவருடைய பூன் சண்டையைத் தேடிப் போவதில்லை. முதலில் பேசிப் பார்க்கிறார், எதிராளிக்குப் பின்வாங்க இடம் தருகிறார், வேறு வழியில்லாத இடத்தில்தான் துப்பாக்கியை எடுக்கிறார். அக்காலத்து மேற்கத்தியத் தொடர்கள் பலவற்றில் விரைவாகச் சுடுவதே நாயகனின் தகுதியாக இருந்தது. அதனோடு ஒப்பிட்டால் இது குறிப்பிடத்தக்க வேறுபாடு. பார்க்கரின் நடிப்பு உண்மையான பூனின் இயல்புக்கும் நெருக்கமானது. பூன் அன்புக்கும் அமைதிக்கும் முதலிடம் தந்த குவேக்கர் சமயக் குடும்பத்தில் பிறந்தவர்.

இரண்டாவது, குடும்பம். தனி மனிதனாக அலையும் நாயகர்களே நிறைந்திருந்த ஒரு வகைமையில், இந்த நாயகனுக்கு வீடு உண்டு. அவன் திரும்பி வருவதற்காக ஒரு பெண்ணும் பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். ஆபத்து என்பது அவனுக்கு மட்டும் உரியது அல்ல என்ற உணர்வு இதனால் கதைகளுக்குக் கிடைக்கிறது.

மூன்றாவது, மிங்கோ. 1960களின் தொலைக்காட்சியில் தொல்குடி மனிதர் என்றால் ஒன்று கூச்சலிட்டுத் தாக்கும் பகைவன், அல்லது உடைந்த ஆங்கிலத்தில் இரண்டு சொல் பேசும் துணைவன். மிங்கோ தெளிவான ஆங்கிலத்தில் பேசுகிறார், நூல்களைப் படித்திருக்கிறார், பூனுடன் சமமாக வாதிடுகிறார். ஏம்ஸ் இத்தொடருக்கு முன் மேடை நாடகத்திலும் ஒரு தொல்குடி மனிதரின் வேடத்தில் நடித்துப் பெயர் பெற்றவர். அவருடைய மிங்கோவிடம் ஒரு கௌரவமும் மெல்லிய கேலியும் உண்டு. பூனைவிட மிங்கோ அறிவாளி என்று பார்வையாளர் நினைக்கும் காட்சிகளைத் தொடர் துணிந்து அனுமதித்தது.

மிங்கோவின் குறை

இருப்பினும் மிங்கோவின் படைப்பிலேயே ஒரு தயக்கம் உள்ளது. அவருடைய மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். அவர் ஆங்கிலப் பிரபுவின் மகன், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், அதனால் பூனுக்குச் சமமாகப் பேசக்கூடியவர். ஒரு முழுமையான செரோக்கி மனிதர், தன் மொழியில் சிந்தித்து, தன் மக்களின் அவையில் பேசிப் பழகியவர், பூனுக்கு நிகராக நிற்க முடியும் என்று தொடரை எழுதியவர்கள் நம்பவில்லை போலும். பார்வையாளர் நம்பமாட்டார்கள் என்று கருதியும் இருக்கலாம். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே.

பெயரிலும் கவனக்குறைவு தெரிகிறது. மிங்கோ என்பது ஒகையோ ஆற்றுப் பகுதியில் வாழ்ந்த இரோக்வா மொழி பேசும் ஒரு தொல்குடி மக்களைக் குறித்த பெயர். செரோக்கி மனிதர் ஒருவருக்கு வேறொரு மக்களின் இனப்பெயரை ஆட்பெயராக வைத்தது, அந்த மக்களுக்கு இடையே உள்ள வேறுபாடு ஒரு பொருட்டாகக் கருதப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. அவ்வேடத்தில் நடித்த ஏம்ஸ் உக்ரைனிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தொல்குடி வேடங்களைப் பிறருக்குக் கொடுப்பது அக்காலத்து வழக்கம். அவர் திறமையாக நடித்தார் என்பதும், தொல்குடி நடிகர் ஒருவருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை என்பதும் ஒருசேர உண்மை.

மேலும், மிங்கோ தன் மக்களின் நிலம் பறிபோவதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது தொடரின் மையக் கேள்வியாக ஒருபோதும் ஆகவில்லை. அவருடைய நட்பு பூனைப் பற்றிய நற்சான்றாகப் பயன்படுகிறது. இவ்வளவு நல்ல செரோக்கி மனிதர் நண்பராக இருக்கும்போது அந்தக் கோட்டை அங்கே இருப்பதில் என்ன தவறு என்று பார்வையாளர் மனம் சமாதானம் அடைகிறது.

கோட்டை யாருடையது?

தொடரின் முதல் அத்தியாயத்தில் கென்டக்கியில் கோட்டை அமைக்க இடம் தேடும் பணி ஜார்ஜ் வாஷிங்டனின் பெயரால் பூனிடம் வருகிறது. இதனால் பூன்ஸ்பரோ தொடக்கத்திலிருந்தே ஒரு தேசத்தின் பணியாகிவிடுகிறது.

வரலாறு வேறு. 1775ஆம் ஆண்டு பூனை வேலைக்கு அமர்த்தியவர் ரிச்சர்ட் ஹென்டர்சன். வட கரோலினாவின் முன்னாள் நீதிபதியான அவர், டிரான்சில்வேனியா கம்பெனி என்ற நில வணிக நிறுவனத்தை நடத்தினார். அந்த ஆண்டு மார்ச் மாதம் சிகாமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில் செரோக்கித் தலைவர்கள் சிலருடன் அவர் ஒப்பந்தம் செய்து, சரக்குகளுக்கு ஈடாக இன்றைய கென்டக்கியின் பெரும்பகுதியை வாங்கிவிட்டதாக அறிவித்தார். தனியார் இவ்வாறு நிலம் வாங்குவதை அரசாணை தடை செய்திருந்தது. டிராகிங் கேனூ என்ற இளம் செரோக்கித் தலைவர் இந்த விற்பனையைக் கடுமையாக எதிர்த்தார். பின்னர் 1792இல் இறக்கும்வரை குடியேறிகளுக்கு எதிராகப் போரிட்டார். அதே நிலத்தில் வேட்டையாடிவந்த ஷானி மக்கள் அந்த ஒப்பந்தத்தில் பங்கேற்கவே இல்லை.

கம்பர்லாந்து கணவாய் வழியாக பூனும் அவருடன் சென்ற மரவெட்டிகளும் அமைத்த பாதையே பின்னர் வனப்பாதை என்று புகழ்பெற்றது. அது நில வணிக நிறுவனத்தின் செலவில் போடப்பட்டது. அதன் முடிவில், கென்டக்கி ஆற்றங்கரையில் எழுந்ததே பூன்ஸ்பரோ. சில ஆண்டுகளில் விர்ஜீனியா அரசு ஹென்டர்சனின் உரிமையைச் செல்லாது என்று தள்ளிவிட்டது.

இந்தக் கதையில் பேராசை, சட்டமீறல், ஏமாற்று, எதிர்ப்பு, பின்னாளில் அரசிடம் தோல்வி எல்லாம் உண்டு. ஒரு சாகசத் தொடருக்கு இதைவிட நல்ல சரக்கு தேவையில்லை. நில நிறுவனத்தின் இடத்தில் தேசத்தந்தையை வைத்ததன் மூலம் தொடர் ஒரு பெரிய கதையை இழந்தது. அதைவிட முக்கியமாக, கோட்டை நிற்கும் மண் யாருடையது என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே மூடிவிட்டது.

இழந்த உறவு

பூனுக்கும் தொல்குடி மக்களுக்கும் இடையே உண்மையான நெருக்கம் ஒன்று இருந்தது. அதற்காகக் கற்பனை நண்பர் ஒருவரை உருவாக்கத் தேவையே இல்லை.

1778 பிப்ரவரியில் புளூ லிக்ஸ் உப்பு ஊற்றுகளில் உப்புக் காய்ச்சிக்கொண்டிருந்த ஏறத்தாழ 30 பேருடன் பூன் ஷானி மக்களிடம் சிக்கினார். ஷானித் தலைவர் பிளாக்ஃபிஷ் பூனைத் தன் குடும்பத்தில் மகனாக ஏற்றுக்கொண்டார். ஷெல்டோவி என்ற பெயரும் இடப்பட்டது. பெரிய ஆமை என்பது அதன் பொருள். மகனை இழந்த குடும்பங்கள் கைதிகளை இவ்வாறு மகனாக ஏற்பது அம்மக்களின் வழக்கம். பூன் அங்கே சில மாதங்கள் வாழ்ந்தார். பூன்ஸ்பரோவைத் தாக்கும் ஏற்பாடு நடப்பதை அறிந்ததும் ஜூன் மாதம் தப்பி, சுமார் 160 மைல் தொலைவை நான்கு நாட்களில் கடந்து கோட்டைக்கு வந்தார்.

அங்கே அவருக்காக யாரும் மாலையுடன் காத்திருக்கவில்லை. அவர் இறந்துவிட்டதாக நினைத்து ரெபெக்கா பிள்ளைகளுடன் வட கரோலினாவுக்குத் திரும்பியிருந்தார். ஜெமைமா மட்டுமே அங்கு இருந்தார். செப்டம்பரில் பிளாக்ஃபிஷ் படையுடன் வந்தார். கோட்டைச் சுவருக்கு வெளியே வளர்ப்புத் தந்தையும் மகனும் நேருக்கு நேர் அமர்ந்து பேசினர். பேச்சு முறிந்தது, முற்றுகை நடந்தது, கோட்டை தப்பியது. அதன்பின் பூன் மீது சொந்த மக்களே துரோகக் குற்றம் சாட்டி இராணுவ விசாரணை நடத்தினர். உப்புக் காய்ச்சியவர்களைச் சரணடையச் செய்தது, ஷானி மக்களுடன் இணக்கமாக இருந்தது ஆகியவை குற்றச்சாட்டுகள். அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு பிளாக்ஃபிஷ், கென்டக்கிக் குடியேறிகள் தன் ஊரைத் தாக்கியபோது பட்ட காயத்தால் இறந்தார்.

இரண்டு குடும்பங்களுக்கு நடுவே நின்று, இரண்டிலும் முழு நம்பிக்கையைப் பெற முடியாத மனிதர் இந்த பூன். தொலைக்காட்சி பூனை அவருடைய ஊரார் ஐயப்படுவது ஓர் அத்தியாயத்தின் திருப்பமாக வரலாம். ஆனால் அடுத்த வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். தன் செயலின் சுமையை ஆண்டுக்கணக்கில் சுமக்கும் நாயகனுக்கு அந்த அமைப்பில் இடமில்லை.

வளராத மகன்

வாராந்திரத் தொடரின் இலக்கணமே இதற்குக் காரணம். ஒவ்வொரு வாரமும் புதிய சிக்கல் வரும், ஒரு மணி நேரத்தில் தீரும், அடுத்த வாரம் எல்லோரும் முதல் நாள் இருந்த இடத்தில் இருப்பார்கள். அக்காலத்துத் தொடர்கள் பெரும்பாலும் இப்படித்தான் அமைந்தன. எந்த அத்தியாயத்தை எந்த வரிசையில் ஒளிபரப்பினாலும் பார்வையாளருக்குக் குழப்பம் வராது என்பது இதன் வசதி. டேனியல் பூன் தொடரில் அமெரிக்க விடுதலைப் போர் ஒரு வாரம் நடக்கும், அடுத்த வாரம் நடக்காது. ஆண்டு எது என்பது தெளிவாக இராது.

இந்தக் காலமின்மையின் விலை இஸ்ரேல் என்ற சிறுவனிடம்தான் தெரிகிறது. தொடரில் இஸ்ரேல் தந்தையைப் போற்றும் துறுதுறுப்பான சிறுவன். தந்தையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பான். ஆறு பருவங்களில் நடிகர் சற்று வளர்ந்தாலும் பாத்திரம் சிறுவனாகவே இருந்தது.

உண்மையான இஸ்ரேல் பூன் 1759இல் பிறந்தவர். 1782 ஆகஸ்ட் 19 அன்று புளூ லிக்ஸ் என்ற அதே இடத்தில், பிரித்தானியருடன் சேர்ந்த தொல்குடிப் படைக்கும் கென்டக்கிக் குடியேறிகளுக்கும் போர் நடந்தது. எதிரிகள் பதுங்கியிருக்கிறார்கள், பொறுத்திருக்க வேண்டும் என்று பூன் எச்சரித்தார். மற்றவர்கள் கேட்கவில்லை. சில நிமிடங்களில் குடியேறிகளில் 70க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தந்தையின் தலைமையில் போரிட்ட 23 வயது இஸ்ரேல் அவர்களில் ஒருவர். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1773இல், கென்டக்கியில் குடியேற முதன்முறை புறப்பட்டபோது மூத்த மகன் ஜேம்ஸ் கொல்லப்பட்டிருந்தார். கென்டக்கிக்காக பூன் இரண்டு மகன்களைக் கொடுத்தார். ஜேம்ஸ் தொடரின் குடும்பத்தில் இல்லவே இல்லை.

சிறுவர்களும் பார்க்கும் தொடரில் மகன் இறக்கும் காட்சியை வைத்திருக்க வேண்டும் என்பது இங்கு வாதம் அன்று. ஆனால் இஸ்ரேலை வளரவிடாமல் நிறுத்தியது குழந்தைகளுக்கான கனிவு மட்டும் அல்ல. காலம் நகர்ந்தால் விளைவுகள் வரும். மகன் வளர்ந்தால் போருக்குப் போக வேண்டும். குடியேற்றம் வளர்ந்தால் ஷானி மக்கள் போக வேண்டும். காலத்தை நிறுத்தினால் இரண்டும் நடக்காது. கோட்டை என்றும் சிறிய கோட்டையாகவே இருக்கும், காடு என்றும் காடாகவே இருக்கும், மிங்கோ என்றும் நண்பராகவே இருப்பார். பூனின் சொந்த இழப்பையும் பிறருடைய இழப்பையும் தொடர் ஒரே கையால் மறைக்கிறது.

ரெபெக்காவும் ஜெமைமாவும்

தொடரின் ரெபெக்கா அழகாக உடுத்தி, அடுப்படியையும் பிள்ளைகளையும் கவனித்து, கணவன் கிளம்பும்போது கவலைப்படுபவர். பட்ரீசியா பிளேர் அப்பாத்திரத்துக்கு மிடுக்கும் சினமும் கொடுக்கிறார் என்றாலும் கதை அவருக்கு அதிக இடம் தருவதில்லை.

ரெபெக்கா பிரையன் 1756இல் பூனை மணந்து பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். உறவினரின் அநாதைப் பிள்ளைகளையும் வளர்த்தவர். நெடுவேட்டைக்குப் போன பூன் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், திரும்பாத காலத்தில் பயிரையும் கால்நடையையும் குடும்பத்தையும் தனியாகக் காத்தவர். இந்தக் காத்திருப்பே எல்லைப்புற வாழ்வின் பாதி. கேமரா எப்போதும் கிளம்பிப் போகும் ஆணுடனேயே போவதால் அந்தப் பாதி படமாகவில்லை.

ஜெமைமாவின் நிலை இன்னும் விசித்திரமானது. இரண்டாம் பருவத்துக்குப் பின் அவள் விளக்கமின்றிக் காணாமல் போகிறாள். வரலாற்றில் 1776 ஜூலையில் ஜெமைமாவும் அவளுடைய தோழிகளான கல்லவே சகோதரிகள் இருவரும் ஆற்றில் படகில் இருந்தபோது கடத்தப்பட்டனர். பின்தொடர்ந்து வருபவர்களுக்கு அடையாளம் தெரியும்படி அவர்கள் வழியெங்கும் தடயங்களை விட்டுச் சென்றனர். மூன்றாம் நாள் பூன் குழுவினர் அவர்களை மீட்டனர். அறிவுக்கூர்மையுடன் தன்னைக் காத்துக்கொள்ள உதவிய, பின்னர் முற்றுகையின்போது கோட்டைக்குள் நின்ற பெண்ணை, கதைக்குத் தேவையில்லை என்று எளிதாக விட்டுவிட முடிந்தது.

கறுப்பின மக்கள்

கேப் கூப்பர் பாத்திரம் 1969–70 பருவத்தில் வந்தது. குடியுரிமை இயக்கத்தின் வெற்றிகளுக்குப் பிந்தைய காலம் அது. கறுப்பின நடிகர் ஒருவரை வலிமையும் நகைச்சுவையும் கொண்ட முதன்மைப் பாத்திரத்தில் காட்டியது பாராட்டத்தக்கதே.

ஆயினும் பூன்ஸ்பரோவின் வரலாற்றிலேயே கறுப்பின மக்கள் இருந்தனர். அடிமையாக இருந்த மங்க் எஸ்டில் கோட்டைவாசிகளுக்கு வெடிமருந்து செய்து கொடுத்தவர். அவரின்றி அந்தத் துப்பாக்கிகள் வெடித்திரா. பின்னர் அவர் விடுதலை பெற்றார். முற்றுகையின்போது ஷானிப் படையின் மொழிபெயர்ப்பாளராக நின்றவர் பாம்பி என்ற கறுப்பினத்தவர். முற்றுகையில் அவர் கொல்லப்பட்டார். சுவரின் இரு பக்கமும் கறுப்பின மனிதர்கள் இருந்தனர். டேனியல் பூனும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவரே. தொடர் அடிமைமுறையைக் கண்டிக்கும்போது, குற்றம் எப்போதும் வெளியிலிருந்து வரும் தீயவர்களுடையது. நாயகனின் வீடு தூய்மையாகவே இருக்கிறது.

தொடர் சொல்லாத முடிவு

பூனின் பிற்கால வாழ்க்கை இந்தத் தொடரின் நோக்கத்துக்குச் சற்றும் ஒத்துவராது. பிறருக்கு நிலம் அளந்து கொடுத்த அவர் தன் நிலத்துக்கான பத்திரங்களைச் சரியாகப் பதிவு செய்யவில்லை. ஒரே நிலத்துக்குப் பலர் உரிமை கோரிய அக்காலத்தில் வழக்குகளில் தோற்றார், கடனாளியானார். 1799இல் கென்டக்கியை விட்டு வெளியேறி, அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மிசூரிக்குச் சென்றார். ஸ்பெயின் அரசு கொடுத்த நிலமும், 1803இல் அப்பகுதி அமெரிக்காவிடம் வந்தபின் கைநழுவியது. பல ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றம் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. அதையும் விற்றுக் கடனை அடைத்தார். 1820இல் மிசூரியிலேயே இறந்தார்.

ஷானி மக்கள் தோற்ற நிலத்தை, அவர்களிடமிருந்து வென்றவரும் வைத்துக்கொள்ள முடியவில்லை. துப்பாக்கி பிடித்தவர்கள் காட்டைத் திறந்தனர், பத்திரம் பிடித்தவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டனர். எல்லைப்புறம் பற்றி பூனின் வாழ்க்கை சொல்லும் கசப்பான உண்மை இது.

மதிப்பீடு

தொலைக்காட்சித் தொடர் பாடநூல் அன்று. அதில் பிழைகளை எண்ணிக் காட்டுவது மட்டுமே விமர்சனம் ஆகாது. டேனியல் பூன் தொடர் நல்ல நோக்கங்களுடன் எடுக்கப்பட்டது. அண்டை அயலாருக்கு உதவு, வேற்று இனத்தவனை மனிதனாக மதி, பலம் உள்ளவன் பொறுமை காட்ட வேண்டும் என்ற அறங்களை அது ஆறு ஆண்டுகள் தொடர்ந்து சொன்னது. அவற்றைக் கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு அதனால் நன்மையே விளைந்திருக்கும்.

அதன் குறை வேறிடத்தில் உள்ளது. அறத்தை அது தனி மனிதர்களின் நடத்தையாக மட்டுமே பார்த்தது. பூன் நல்லவர், மிங்கோ நல்லவர், ஆகவே உலகம் சரியாக இருக்கிறது. நல்ல மனிதர் ஒருவர், தனக்கு உரிமையில்லாத நிலத்தில், ஒரு வணிக நிறுவனத்துக்காகப் பாதை வெட்ட முடியும் என்பதையும், அவரை மகனாக ஏற்றவர்களின் ஊர் அந்தப் பாதையால் அழிய முடியும் என்பதையும் அது காட்டவில்லை. அதைக் காட்டியிருந்தால் பூன் தாழ்ந்துபோயிருக்க மாட்டார். இன்னும் முழுமையான மனிதராகத் தெரிந்திருப்பார்.

தொடரின் கடைசிப் பருவம் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த 1969 நவம்பரில், தொல்குடி இளைஞர்கள் சான் பிரான்சிஸ்கோ அருகே உள்ள அல்கட்ராஸ் தீவில் நுழைந்து, நிலம் தங்களுடையது என்று அறிவித்தனர். தொடர் ஆறு ஆண்டுகள் கேட்காமல் விட்ட கேள்வியை அவர்கள் செய்திகளின் வழியே அதே வீடுகளுக்குக் கொண்டுவந்தனர்.

இன்று இத்தொடரைப் பார்க்கும் மாணவர்கள் பார்க்கரின் நடிப்பையும் ஏம்ஸின் குரலையும் தாராளமாக ரசிக்கலாம். ரசிக்கும்போதே மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கோட்டை நிற்கும் நிலம் யாருடையது? கேமரா கோட்டைக் கதவைத் தாண்டிப் போனபின் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? இந்தச் சிறுவன் வளர்ந்தால் என்ன ஆவான்? வரலாற்றைப் பின்னணியாகக் கொண்ட எந்தத் தொடரையும், அது எந்த நாட்டில் எடுக்கப்பட்டதானாலும், இக்கேள்விகளைக் கொண்டு பார்க்கலாம்.